வெள்ளைத் தோள்

அழகர் ஆற்றுக்கு வராத
இரண்டாவது சித்திரை கழிந்து
வைகாசியில் ஒரு மத்தியானம்
சிந்தாமணி ரோட்டுப் பட்டறைக்கு
ஒரு ஜீப்பும் மினி லாரியும் வந்தன.
"ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை வச்சிருக்கீங்க?"

மூன்று.
ஒன்று காலி, ஒன்று பாதி,
ஒன்று முத்திரை உடைக்காதது.
ரசீது கேட்டேன்.
நோட்டுக் கிழிசலில் எண் எழுதிக் கையெழுத்துப் போட்டார்
முகக்கவசத்துக்கு மேலே
தூங்காத இரண்டு கண் மட்டும் உள்ள மனிதர்.
காலியையும் விடவில்லை.
மொக்கராசுதான் தோள்கொடுத்து ஏற்றினான்.
"அண்ணே, இது இரும்பு அறுக்கிற காத்தாச்சே,
ஆளுக்கு ஒத்துக்கிருமா?"
"கழுவிட்டு வேற காத்து அடைப்பாங்கடா."
எனக்கும் தெரியாது.

ஷட்டரை முழங்கால் உயரம் தூக்கிவைத்து
உள்ளே உட்கார்ந்திருந்தோம்,
சொந்தக் கடையில் களவாணிகள் மாதிரி.
பைனான்ஸ் அமல்ராஜ் நேரில் வரவில்லை.
போனில் இருமிக்கொண்டே தவணை கேட்டார்.
அடுத்த வாரம் இருமல்தான் அதிகம்.
அதற்கடுத்த வாரம் வேறொரு குரல்
அதே தவணையைக் கேட்டது.

அந்த மாதம் வந்த ஒரே வேலை
தத்தனேரியிலிருந்து.
ஆற விடாமல் எரித்ததில்
மேடைக் கம்பிகள் தொய்ந்துபோயின.
புதுசு வேணும், நாளைக்கே.
பற்றவைக்கக் கரண்ட் இருக்கிறது,
இருபத்தைந்து எம்எம் கம்பியை அறுக்கத்தான்
காற்று இல்லை.
ஆக்ஸா பிளேடால் அறுத்தோம்,
நானும் அவனும் மாற்றி மாற்றி,
பதினொரு பிளேடு,
விடியும்வரை.
ரோட்டில் ஆம்புலன்ஸ் போகும்போதெல்லாம்
மொக்கராசு கையை நிறுத்துவான்.
"சத்தத்தோட போனா நம்ம காத்துண்ணே.
சத்தமில்லாமப் போனா
நம்ம கம்பி."
வைதேன்.
அறுடா என்றேன்.

ஆடிப் பதினெட்டு கழித்து
ஒரு சிலிண்டர் திரும்பி வந்தது.
மற்ற இரண்டைப் பற்றி
அந்த ரசீதுக்கும் ஒன்றும் தெரியவில்லை.
முழுக் கறுப்பாய்ப் போனது
தோளுக்கு மட்டும் வெள்ளையடித்து வந்திருந்தது.
உடம்பில் சாக்பீசில் யாரோ எழுதியது:
14. மாட்டியது 2.10.
கழற்றியது, அதற்கப்புறம் ஒரு கோடு.

"பதினாலு இல்லண்ணே, பத்தொம்பது.
நர்ஸம்மா அவசரத்துல போட்ட ஒம்பது."
பதினாலுதான் என்று நான் சொல்ல
அவன் ஒத்துக்கொள்ளவில்லை.
இறக்கி வைத்தபோது
எண் அவன் சட்டையோடு போய்விட்டது.
தட்டிவிட்டுக்கொண்டே
"பத்தொம்பது" என்றான்.

வெள்ளைத் தோளோடு கொண்டுபோனால்
கப்பலூரில் நமக்கு நிரப்பித் தர மாட்டார்கள்.
கால் லிட்டர் கறுப்பு,
கடன் சொல்லி வாங்கி
நானே அடித்தேன்.

முதல் கிராக்கி உதுமான்கனி, பருத்திப்பால் வண்டி.
கூரை, பக்கத்தகடு, கீழ்த்தட்டு
எல்லாம் அறுத்து எடுக்கச் சொன்னார்.
"நல்ல வண்டியாச்சே பாய்?"
"வண்டி நல்லாத்தான் இருக்கு.
யானைக்கல் பாலத்து ஏத்தத்துல
எனக்குத்தான் மூச்சு நிக்குது."
பதினாறு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாராம்.
மொக்கராசு என்னைப் பார்த்தான்.
"எத்தனாம் நம்பர் பெட்டு பாய்?"
"பெட்டா? வராண்டாவுல தரையில கிடந்தேன்.
நம்பரெல்லாம் இல்ல.
நடுவுல ஒரு சிலிண்டரு, ரெண்டு குழாய்.
ஒண்ணு எனக்கு,
ஒண்ணு யாரோ திருமங்கலத்துக்காரருக்கு."

திருமங்கலத்துக்காரரைப் பற்றி
நாங்கள் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

கண்ணாடியை மாட்டினேன்.
முதலில் கேஸ், பிறகு தீ,
பிறகு ஆக்சிஜன், கொஞ்சம் கொஞ்சமாக.
மஞ்சள் நாக்கு சுருங்கி நீலமாய்க் கூர்ந்தது.
உதுமான்கனி தள்ளி நின்று
தகடு ஒவ்வொன்று விழும்போதும்
இது எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டார்.

கூலி நானூறு. குறைக்கவில்லை.
இருநூறு தந்தார்,
மீதிக்குப் பருத்திப்பால் என்று பேச்சு.

வால்வை மூடிவிட்டு எழுந்தேன்.
மொக்கராசு குனிந்து
அதனிடம் காதை வைத்தான்.
"இன்னொரு திருகு திருகுங்கண்ணே.
சீத்துன்னு போகுது."